கறுப்பு வயர் எங்கே போகிறது? காரில் கூடுதல் கருவிகளுக்கு எர்த் கொடுப்பது பற்றி

நான் வாங்கிய பழைய காரில் பின்பக்கக் கேமரா ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலுள்ள அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தில் வண்டியைப் பின்னோக்கி நுழைக்கும்போது திரையில் படம் தெளிவாகத் தெரியும். ஆனால், பிரேக்கை மிதித்த கணமே படத்தின் குறுக்கே கோடுகள் ஓடத் தொடங்கும். சில வேளைகளில் படமே உருண்டு மறைந்துவிடும். காலை எடுத்தால் மீண்டும் தெளிந்துவிடும். பின்னோக்கி நிறுத்தும் வேளையில் பிரேக்கில் கால் வைக்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? ஆக, தேவைப்படாத நேரத்தில் மட்டும் ஒழுங்காக வேலைசெய்யும் கேமராவாக அது இருந்தது. கேமராவை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். கோடுகள் போகவில்லை. குறை கேமராவில் இல்லை, அதன் கறுப்பு வயரில் இருந்தது என்பது பணம் செலவான பிறகுதான் தெரிந்தது.

டேஷ்கேம், பின்பக்கக் கேமரா, ஆம்பிளிஃபயர், கூடுதல் யூஎஸ்பி சாக்கெட் என எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சிவப்பு வயரும் ஒரு கறுப்பு வயரும் இருக்கும். சிவப்பு வயரை எங்கே கொடுப்பது என்பதில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். ஃபியூஸ் பெட்டியில் எந்த இடம், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடமா, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்றெல்லாம் விசாரிப்பார்கள். கறுப்பு வயருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. “அதை எங்கேயாவது ஒரு இரும்பில் மாட்டினால் போதும், அண்ணே” என்று கேமராவைப் பொருத்திய இளைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த “எங்கேயாவது” என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெயர் செய்யும் குழப்பம்

‘எர்த்’ என்றதும் நமக்கு வீட்டு மின்சாரம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே வீடுகளில் நாம் செருகும் மூன்று முனை பிளக்கின் மேலே இருக்கும் நீளமான முனை எர்த் முனை. அதோடு சேரும் வயர் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். சாதாரண நேரத்தில் அந்த வயரில் மின்சாரம் ஓடுவதே இல்லை. சலவை இயந்திரத்தின் உள்ளே ஏதோ பழுதாகி அதன் உலோக உடலில் 230 வோல்ட் கசிந்தால், அந்தக் கசிவைத் தொடுகிற ஆளின் உடல் வழியே போகவிடாமல் தன் வழியே இழுத்துக்கொள்வதற்காகவே அது இருக்கிறது. பல ஆண்டுகள் ஒரு வேலையும் இல்லாமல் காத்திருக்கும் காவலாளி என்று அதைச் சொல்லலாம்.

காரின் எர்த் அப்படிப்பட்டது அன்று. நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டிக்கும் மண்ணுக்கும் சொல்லும்படியான மின்தொடர்பு கிடையாது. காரில் எர்த் என்பது, கருவியின் வழியே போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி. வீட்டு வயரிங்கில் அதற்கு இணையானது நியூட்ரல். சிவப்பு வயரில் 5 ஆம்பியர் உள்ளே போனால், அதே 5 ஆம்பியர் கறுப்பு வயரில் வெளியே வந்தாக வேண்டும், குறையாது, கூடாது. எனவே கறுப்பு வயர் காவலாளியல்ல, சிவப்பு வயரோடு சரிபாதி வேலையைச் செய்யும் கூலியாள். இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், பிறகு சொல்லப்போகும் எல்லாம் தாமாகவே விளங்கும்.

இரும்பே வயராகும் விதம்

திரும்பி வரும் வழிக்கும் தனி வயர் போட்டிருக்கலாம். ஆனால், ஒரு காரில் விளக்கு, மோட்டார், கணினி என எத்தனையோ கருவிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது வயர் போட்டால் செம்பும் எடையும் கூடும். அதனால் கார் செய்பவர்கள் பேட்டரியின் நெகட்டிவ் முனையை ஒரு தடித்த வயரால் காரின் உடலோடும், இன்னொரு தடித்த பட்டையால் என்ஜினோடும் இணைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு காரின் உடல் முழுவதுமே நெகட்டிவ் முனையின் நீட்சி ஆகிவிடுகிறது. பின்விளக்கிலிருந்து கிளம்பும் குட்டையான கறுப்பு வயர் பக்கத்திலுள்ள தகட்டில் போய் முடிவது இதனால்தான். மிச்சத் தூரத்தை இரும்பு பார்த்துக்கொள்கிறது.

இரும்பு அவ்வளவு நல்ல கடத்தியா என்று கேட்கலாம். இல்லைதான். கார் உடலின் எஃகு, செம்பைவிடக் கிட்டத்தட்ட 8 முதல் 10 மடங்கு மோசமாகக் கடத்துகிறது. ஆனால், அளவு அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. 0.8 மில்லிமீட்டர் தடிப்பும் 1 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தரைத் தகட்டின் குறுக்குவெட்டு 800 சதுர மில்லிமீட்டர். பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், அது 80 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குச் சமம். நாம் கடையில் வாங்கும் எந்த வயரும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே உடலில் சிக்கல் வருவது அரிது. நம் வயர் உடலைத் தொடும் அந்த ஒரு நாணய அளவு இடத்தில்தான் சிக்கல்.

போகிற போக்கில் ஒன்று: நெகட்டிவ் முனையைத்தான் உடலோடு இணைக்க வேண்டும் என்ற இயற்கை விதி ஏதும் இல்லை. மாரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் முனையை எர்த் ஆக்கிக்கொண்டு ஓடியவை. அப்படியொரு வண்டியை ஆசையாகப் பேணிவருபவர் அதில் இன்றைய டேஷ்கேமை அப்படியே மாட்டினால் கருவி வீணாகிவிடும். முதலில் பேட்டரியின் எந்த முனை உடலோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அரை ஓம் செய்யும் வேலை

கெட்ட எர்த் என்றால் அறுந்த எர்த் என்று பொருளல்ல. அறுந்திருந்தால் கருவி வேலை செய்யாது, உடனே கண்டுபிடித்துவிடலாம். தொல்லை தருவது அரைகுறைத் தொடர்புதான். பெயின்டின் மேல் இறுக்கிய திருகு, துருவின் மேல் உட்கார்ந்த வளையம், இரண்டு மூன்று இழைகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும் வயர் முனை ஆகியவை எல்லாம் மின்சாரத்தை விடுகின்றன, ஆனால் தடுத்துத் தடுத்து விடுகின்றன. ஓடும் ஆம்பியரை அந்தத் தடையின் ஓம் அளவால் பெருக்கினால், அந்த இடத்தில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்பது கிடைக்கும். 10 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் 1 வோல்ட் போய்விடும். அதோடு அந்தத் திருகின் தலையில் 10 வாட் வெப்பமும் பிறக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்திருக்கும் திருகில் 10 வாட் என்பது சிறிய விஷயமல்ல.

என் கேமராவுக்கு நடந்தது இதுதான். அதன் சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டையும் இடது பின்விளக்கின் ரிவர்ஸ் பல்பு வயர்களோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். அது வழக்கமான முறைதான்; ரிவர்ஸ் கியர் போட்டால் கேமராவுக்கு மின்சாரம் வர வேண்டுமே. ஆனால், அந்த விளக்குத் தொகுதியிலுள்ள எல்லா பல்புகளும் ஒரே கறுப்பு வயரின் வழியே பூட்டின் (காரின் பின்பக்கச் சாமான் அறையின்) மூலையிலுள்ள ஒரே போல்ட்டுக்குத்தான் போகின்றன. பூட்டின் ரப்பர் விளிம்பு கிழிந்து, மழை பெய்யும்போதெல்லாம் அந்த மூலையில் ஈரம் இறங்கியிருக்கிறது. நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் அதைவிட அழைப்பு வேண்டுமா? போல்ட்டைச் சுற்றித் துரு கட்டி, தொடர்பில் ஏறத்தாழ அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது.

பிரேக் பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் இழுக்கும். அரை ஓம் தடையில் 1.75 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட். அதாவது, நான் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கேமரா ‘பூஜ்யம்’ என்று நம்பிக்கொண்டிருக்கும் தளமே 0.9 வோல்ட் மேலே எழும்பியிருக்கிறது. கேமராவிலிருந்து திரைக்குப் போகும் வீடியோ அலையின் மொத்த உயரமே 1 வோல்ட்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், படம் ஏன் உருண்டது என்று கேட்கத் தோன்றாது. போதாக்குறைக்கு, போல்ட் வழியே போக முடியாத மின்சாரத்தில் ஒரு பகுதி, வீடியோ கேபிளின் வெளி உறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருக்கும் திரை வழியாகத் திரும்பப் பார்க்கும். தன் வழி அடைபட்டால் மின்சாரம் அடுத்தவர் வழியில் நுழையும். பிரேக் போட்டால் சிக்னல் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரியும் சில பழைய வண்டிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

டேஷ்கேம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வடிவில் இது வரும். வண்டி நிற்கும்போதும் பதிவு செய்வதற்காகப் பொருத்தப்படும் இணைப்புப் பெட்டியில் மூன்று வயர்கள் இருக்கும். ஒன்று எப்போதும் மின்சாரம் வரும் இடத்துக்கு, ஒன்று சாவி போட்டால் வரும் இடத்துக்கு, மூன்றாவது எர்த்துக்கு. பேட்டரி வடிந்துவிடாமல் இருக்க, குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனதும் அந்தப் பெட்டி கேமராவை அணைத்துவிடும். 12.0 வோல்ட்டில் அணையுமாறு வைத்திருக்கிறீர்கள், பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கிறது, கேமரா 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயின்டின் மேல் இறுக்கிய எர்த்தில் 1.5 ஓம் தடை இருந்தால் 0.45 வோல்ட் அங்கேயே போய்விடும். பெட்டியின் கண்ணுக்கு 11.95 வோல்ட்தான் தெரியும். பேட்டரி நன்றாக இருக்கும்போதே அது கேமராவை அணைத்துவிடும். இரவு யாரோ பம்பரை இடித்துவிட்டுப் போனதற்குப் பதிவு இல்லாமல் போவது இப்படித்தான். பழியோ பேட்டரி மேல் விழும்.

நல்ல இடம், கெட்ட இடம்

காரைச் செய்தவர்களே வைத்திருக்கும் எர்த் போல்ட்டுகள்தாம் முதல் தேர்வு. முன் கதவுகளுக்கு அருகே கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில், டேஷ்போர்டுக்குக் கீழே, பூட்டின் மூலைகளில் என ஏற்கெனவே சில கறுப்பு அல்லது பழுப்பு வயர்கள் வந்து சேரும் போல்ட் தென்படும். பல வண்டிகளில் 10-ஆம் எண் ஸ்பானர் அதற்குப் பொருந்தும். டேஷ்கேம் போன்ற சிறிய கருவிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அப்படியொரு போல்ட் அருகில் இல்லையென்றால், உடலோடு நேரடியாகப் பற்றவைக்கப்பட்ட தகட்டில் திருகு மரை உள்ள வேறு ஒரு போல்ட்டைத் தேடலாம்.

தவிர்க்க வேண்டிய இடங்களில் இரண்டைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். முதலாவது, சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட். பெரியதாக, கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் அது ஆளை இழுக்கும். ஆனால், விபத்தின்போது ஓர் ஆளின் எடையைவிடப் பல மடங்கு இழுப்பைத் தாங்குவதற்காக, குறிப்பிட்ட விசையில் இறுக்கப்பட்ட போல்ட் அது. அதைத் தளர்த்தி, இடையில் ஒரு வளையத்தைச் செருகி, கை உணர்வில் மீண்டும் இறுக்குவது டேஷ்கேமுக்காகச் செய்யக்கூடிய வேலை அல்ல. இரண்டாவது, மஞ்சள் நிற வயர்களும் இணைப்பான்களும் இருக்கும் பகுதி. அது காற்றுப்பையின் பகுதி. அதன் எர்த் போல்ட்டைத் தொடவே வேண்டாம்.

மற்றவை எளிதாகப் புரிபவை. பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் திருகு உலோகத்தில் போய் முடிகிறதா என்று பார்க்காமல் நம்பக்கூடாது. பூட் மூடி, கதவு ஆகியவை கீல்களில் தொங்குபவை. கீலுக்குள் கிரீஸும் பெயின்டும் இருப்பதால் அவை நல்ல வழியல்ல. தகட்டில் புதிதாகத் துளையிட்டு, தானே மரை போட்டுக்கொள்ளும் திருகை இறக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. மெல்லிய தகட்டில் அதற்குப் பிடிப்பு மிகக் குறைவு, வண்டியின் அதிர்வில் தளர்ந்துவிடும். தகட்டின் மறுபக்கத்தில் பெட்ரோல் குழாயோ பிரேக் குழாயோ வேறு வயர்க் கட்டோ ஓடுகிறதா என்பதும் துளையிடுபவருக்குத் தெரியாது.

இடம் கிடைத்துவிட்டால் வேலை கால் மணி நேரம்தான். முதலில் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். ஏன் நெகட்டிவ் முதலில் என்பதற்கான விடையும் எர்த்தில்தான் இருக்கிறது: பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் தவறிப் பக்கத்து இரும்பில் பட்டால், அந்த இரும்பு முழுவதும் நெகட்டிவ் என்பதால், ஸ்பானர் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். நெகட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் உடலில் பட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டும் ஏற்கெனவே ஒன்றுதான்.

பிறகு வயரின் முனையில் துளையுள்ள வளைய முனையைப் போட்டு, அதற்கான குறட்டால் அழுத்த வேண்டும். இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. வெறும் இழைகளைப் போல்ட்டைச் சுற்றி முறுக்குவதை யாராவது பழக்கம் என்று சொன்னால், அது சோம்பல். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்தால், மேல் நிறம் போய், அடியில் சாம்பல் நிறப் பூச்சு தெரியும். பலரும் அதை இரும்பு என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் துருவைத் தடுக்கும் பூச்சுதான், மின்சாரத்தைக் கடத்தாது. அதையும் தேய்த்த பின் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பளபளப்பு வரும், அதுதான் இரும்பு. வளையத்தின் அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். வளையத்தை வைத்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கிய பிறகு, அந்த இடம் முழுவதும் மேலாக வாசலினோ கிரீஸோ பூசிவிட வேண்டும். நாம் தேய்த்து எடுத்தது துருவுக்கு எதிரான பாதுகாப்பை. இந்த ஊர்க் காற்றில் அதைத் திறந்து வைத்தால் துரு பிடிக்க வெகுநாள் ஆகாது.

வயரின் தடிப்பில் ஒரே விதி: கறுப்பு வயர் சிவப்பு வயருக்கு இளைத்ததாக இருக்கக்கூடாது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.017 ஓம், அதில் 20 ஆம்பியர் விட்டால் மீட்டருக்கு 0.34 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும்.

அளந்து பார்ப்பது

மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் டவரில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டால் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலோர் அதை ஓம் அளவில் வைத்து எர்த்தைச் சோதிக்கிறார்கள், அது ஏமாற்றும். முப்பது இழைகளில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் வயரும் ஓம் அளவில் நல்லதாகவே தெரியும், ஏனென்றால் மீட்டர் அதில் மிக மிகச் சிறிய மின்சாரத்தையே செலுத்திப் பார்க்கிறது. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் நடந்து காட்டியதை வைத்து அதில் லாரி போகும் என்று சொல்வது போன்றது அது.

சரியான முறை இது. மீட்டரை டிசி வோல்ட் அளவில் வையுங்கள். கருவியை இயக்கிவிடுங்கள், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையைக் கருவியின் கறுப்பு வயர் கருவிக்குள் நுழையும் இடத்திலும் வையுங்கள். இரண்டும் ஒன்றுதானே, பூஜ்யம் காட்ட வேண்டும் என்றுதான் தோன்றும். மீட்டர் காட்டும் எண் எதுவோ, அதுதான் திரும்பும் வழியில் தொலையும் வோல்ட். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.2, 0.3 என்று ஏறினால் எங்கோ தடை இருக்கிறது. மீட்டர் முனையை வயர், வளையம், போல்ட், தகடு என்று ஒவ்வோர் இடமாக நகர்த்தினால் எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் குற்றவாளி. என் வண்டியில் பிரேக்கை மிதிக்க என் மகனை உட்காரவைத்தேன். வளையத்தில் 0.88, அதற்கு ஒரு விரல் தள்ளித் தகட்டில் சுரண்டிய இடத்தில் 0.02. “அப்பா, காலை எடுக்கலாமா?” என்று அவன் கேட்கும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து, வளையத்தை மாற்றி, இறுக்கிய பின் வளையத்திலும் 0.03 ஆனது, கோடுகள் போய்விட்டன. பூட்டின் ரப்பரையும் மாற்றினேன், இல்லையென்றால் அடுத்த ஆண்டும் அதே வேலைதான்.

ஆம்பிளிஃபயரின் ரீங்காரம்

பாட்டுக் கருவிகளில் எர்த் கோளாறு காதுக்கே கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ‘ஙொய்’ ஒலி மேலே ஏறிக்கொண்டே போனால், அது என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ஓசை. முன்னால் இருக்கும் பிளேயர் ஓரிடத்திலும் பூட்டில் இருக்கும் ஆம்பிளிஃபயர் வேறோர் இடத்திலும் எர்த் எடுத்திருக்க, இரண்டு இடங்களுக்கும் இடையில் சிறு வோல்ட் வேறுபாடு இருந்தால், இரண்டையும் இணைக்கும் ஒலி கேபிளின் உறையில் மின்சாரம் ஓடி இந்த ஒலியை உள்ளே கொண்டுவந்துவிடும். இதற்காக வடிகட்டி ஒன்றை வாங்கி மாட்டுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுப்பதுதான். முதலில் ஆம்பிளிஃபயரின் எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். 500 வாட் உண்மையாகவே இழுக்கும் ஆம்பிளிஃபயர் 40 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதன் எர்த் வயர் 20 சதுர மில்லிமீட்டர் அளவில் தடித்ததாகவும், அரை மீட்டருக்குள் முடிவதாகவும், தனி போல்ட்டில் அமர்வதாகவும் இருப்பது நல்லது.

நேரே பேட்டரிக்கே போகலாமா?

உடலை நம்பாமல் கறுப்பு வயரை நேரே பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மாட்டினால் என்ன என்று தோன்றும். பழைய வண்டிகளில் அது தவறில்லை. ஆனால், சிவப்பு விளக்கில் என்ஜினைத் தானாக நிறுத்தும் வண்டிகளிலும் பல புதிய வண்டிகளிலும் நெகட்டிவ் முனையைப் பிடித்தாற்போல் ஒரு சிறிய உணர்கருவி இருக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று அது கணக்கு வைக்கிறது. அதற்கு அப்பால், முனையிலேயே நம் வயரை மாட்டினால் அந்த மின்சாரம் கணக்கில் வராது. பேட்டரியின் நிலையை வண்டி தவறாகப் புரிந்துகொள்ளும். அந்த வண்டிகளில் உடல்தான் சரியான இடம்.

ஹைபிரிட், மின்சார வண்டிகளிலும் டேஷ்கேமுக்கு 12 வோல்ட் பேட்டரியும் உடல் எர்த்தும்தான், முறை மாறாது. ஆனால், ஆரஞ்சு நிறக் கேபிள்கள் நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்டவை. அவை உடலோடு வேண்டுமென்றே இணைக்கப்படாமல் தனித்து ஓடுகின்றன. அவற்றுக்கு அருகில் நமக்கு வேலையில்லை. புதிய இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) கருவியின் வயர்களிலிருந்தும் மின்சாரமோ எர்த்தோ எடுக்க வேண்டாம். அதைத் தொடுவது அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகளின் வேலை. கூடுதல் விளக்குகள் பொருத்த நினைப்பவர், வயரை எடுக்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளைப் பார்த்துவிடுவது நல்லது. எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அனுமதியில்லாத விளக்கு சோதனையில் தேறாது.

இதையெல்லாம் நானே செய்யப்போவதில்லை, பணிமனையில் கொடுத்துவிடுவேன் என்பவர் வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, கறுப்பு வயரை எந்தப் போல்ட்டில் மாட்டினீர்கள் என்று கேட்டு, உறையை மூடும் முன் அந்தப் போல்ட்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.